தொடக் கூடாத டிராக்டர்

காய்ந்த விறகை நனையவிடக் கூடாது, ஐயா. ஒரு தரம் நனைந்துவிட்டால் பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் அடுப்பில் முணுமுணுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது. நிதானமாகவே சொல்கிறேன். எழுபத்தாறு வயதாகிறது, அவசரமாகப் பேச வாயில் பல்லும் இல்லை.

அந்த டிராக்டரோடு எனக்கு நாற்பத்தொரு வருடப் பழக்கம். என் மனைவியோடு முப்பத்தெட்டுதான். இரண்டு பேருமே குளிர்காலக் காலையில் எழுந்திருக்க முரண்டு பிடிப்பார்கள். அவள் போய்விட்டாள். இது இருக்கிறது.

போன மாதம் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது கொட்டகைச் சுவர் குறுக்கே வந்துவிட்டது. சுவர் எங்கேயாவது வருமா என்று என் மகள் கேட்டாள். பழைய சுவர், விழுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று காத்திருந்தது. அதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? டாக்டரும் என் கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்று சாயந்திரம் என்னைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, மகள் ஒரு தாளில் எழுதிப் படித்தாள்.

“ஒண்ணு, மெஷின் ரம்பத்தைத் தொடக் கூடாது. ரெண்டு, டிராக்டரைத் தொடக் கூடாது. மூணு, உங்க மாப்பிள்ளை வேலை செய்யும்போது பக்கத்துல நின்னு யோசனை சொல்லக் கூடாது.”

“மூச்சு விடலாமாம்மா?”

“விளையாடாதீங்கப்பா. கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். மருமகன் அதை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு கையை நீட்டினார். “சாவி, மாமா.”

கொடுத்தேன். சட்டைப்பை லேசாகிவிட்டது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்குமே, அதுபோல அன்றெல்லாம் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். என் மாத்திரைகளை வேளாவேளைக்கு உள்ளங்கையில் வைப்பார். டீ சுடுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். அதெல்லாம் வேண்டாம் என்றால் சிரிப்பார். கத்துகிறவரோடு சண்டை போடலாம், ஐயா. சிரிக்கிறவரை என்ன செய்வது?

சனிக்கிழமை காலை விறகுக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பின்னால் டிரெய்லரில், மூட்டை மாதிரி. போகும்போது திரும்பிச் சொன்னார்: “மாமா, இந்த லோடோட வண்டிக்கு ஓய்வு. விலை பேசியாச்சு, நாளைக்கு ஒருத்தர் வந்து ஓட்டிட்டுப் போறார்.” நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல?

சரிவில் காற்றுக்கு விழுந்த பெரிய மரம் ஒன்று கிடந்தது. அதன் சின்னக் கட்டைகளை முந்தின நாளே அறுத்துப் போட்டிருந்தார். சரிவில் கிடக்கிற மரத்தை அறுக்க ஒரு முறை உண்டு. முதலில் கீழ்ப்பக்கம் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். பிறகு மேல்பக்கம் நின்று அறுக்க வேண்டும். ஏனென்றால் மரம் ஒரு கிளையைக் கைபோல ஊன்றிக்கொண்டு படுத்திருக்கிறது. கையை எடுத்தால் உருண்டுவிடும். மருமகன் முட்டு வைக்கவில்லை. கீழ்ப்பக்கம் நின்று, ஊன்றியிருந்த கிளையிலேயே ரம்பத்தை வைத்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. தாளில் இருந்த மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மரம் ஒரே ஒரு சுற்றுத்தான் உருண்டது. அவருடைய இரண்டு தொடைகளின் மேலும் வந்து நின்றது.

“மாமா, வண்டியக் கொண்டாங்க. சங்கிலி மாட்டி மேல இழுத்தா வந்துடும்.”

வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. அதைவிடப் பெரிய மரமெல்லாம் இழுத்திருக்கிறேன்.

“நான் தொடக் கூடாதே, மாப்பிள்ளை.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார், பாவம். “சாவி வண்டியிலேயே இருக்கு மாமா.”

“கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

“ஒட்டினவன் நான்தானே? நான் சொல்றேன், எடுங்க.”

“எழுதினது அவளாச்சே. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி?”

அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினார். நடந்து போய் யாரையாவது கூட்டிவரச் சொன்னார். அங்கே போன் எடுக்காது. வீடு நாலு கிலோமீட்டர். மேடு பள்ளத்தில் நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் அதை எனக்கு ஞாபகப்படுத்துகிறவரே மருமகன்தான்.

அதனால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கொடுத்தேன், விரலை வைத்துப் பார்த்துவிட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டார். “வண்டிய அனுப்பல மாமா. நீங்களே வெச்சுக்குங்க. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். மனசாரத்தான் சொன்னார். ஆனால் அப்படிப் படுத்துக்கொண்டு சொல்கிற வார்த்தையை நம்பக் கூடாது. எழுந்து நின்றதும் மனசு மாறிவிடும். மனித சுபாவம்.

உச்சி வெயில் தாண்டியதும் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் பிடியும் தளர்ந்தது. நான் என்ன செய்ய முடியும், ஐயா? கிழவனால் ஒன்றும் ஆகாது என்று எழுதியே ஒட்டிவிட்டார்கள்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. விறகு எப்படிக் கொட்டகைக்கு வந்தது என்றுதானே? மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அரை லோடாக ஓட்டிப் போவது எனக்குப் பழக்கமில்லை. கிடந்த கட்டைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் ஏற்றினேன். தூறல் விழ ஆரம்பித்தது. இருந்தது ஒரே தார்ப்பாய். விறகின்மேல் போட்டுக் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எழுந்தது. கை தெரியுமல்லவா அதற்கு. டிரெய்லரைப் பின்னால் எடுத்து, புதுச் சுவருக்கு நாலு விரல்கடை தள்ளி நிறுத்தினேன். போய்ப் பாருங்கள், ஒரு கீறல் இருக்காது.

மரத்தையும் அப்படியே இழுத்திருக்கலாம். ஆமாம். இழுத்திருந்தால் இன்றைக்கு அவர் இருந்திருப்பார், வண்டி இருந்திருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரம்பத்தைத் தொடவில்லை. யோசனை சொல்லவில்லை. டிராக்டரை மட்டும் தொட்டேன். அது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

என் மகளிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. சாவியைப் பிடுங்கிக்கொள்வாள்.