நாலாவது பெயர்

ஹோவிதா: ...நாப்பது வரியெல்லாம் தர முடியாதுக்கா. கதை நூத்தி இருபத்தேழாம் பக்கத்துல முடியும். நூத்தி இருபத்தெட்டாம் பக்கம், வாசகிகளுக்கு நீங்க எழுதுற கடிதம். ஒரே பக்கம்.

ஃபெலிசா: முப்பத்தோரு வருஷமா எழுதுறேன். போகும்போது அரைப் பக்கம் சேத்துக் குடுத்தா உங்க பதிப்பகம் மூழ்கிடுமா?

ஹோவிதா: நான் எடிட்டர்தான். காகிதம் வாங்குறது மொதலாளி. மாங்காய் சீவுறேன், சாப்பிடுறீங்களா? இறால் விழுது இருக்கு.

ஃபெலிசா: சீவு. மதியச் சாப்பாட்டுக்கு உனக்கு வேற ஒண்ணுமே கிடைக்காதா? சரி, இப்படி ஆரம்பிக்கலாம். "என் அன்பு வாசகிகளே, இது சோஃபியா ஆர்மெண்டாவின் கடைசி நாவல்..."

ஹோவிதா: கடைசின்னு போட்டே ஆகணுமா? கொஞ்ச நாள் ஓய்வுன்னு...

ஃபெலிசா: கடைசி.

ஹோவிதா: சரிக்கா. கடைசி. ஆனா அந்தக் கடைசி நாவலோட கடைசி அத்தியாயம் இன்னும் என் மேஜைக்கு வரல. நூத்திப் பத்தாம் பக்கத்துல பொண்ணு துறைமுகத்துல நிக்கிறா. ரெண்டு வாரமா நின்னுக்கிட்டே இருக்கா.

ஃபெலிசா: கால் வலிச்சா உக்காரட்டும். முதல்ல கடிதம். "நீங்க போயிட்டா யாரைப் படிக்கிறதுன்னு கேக்குறீங்க." போன வாரம் மரிகினா சந்தையில மீன்காரி கேட்டா. கையில பால்கெண்டையைப் பிடிச்சுக்கிட்டு, செதில் கூட சீவாம... "நீ எழுதலேன்னா ஜீப்னி வண்டியில ஒன்றரை மணி நேரம் நான் யார் மூஞ்சியப் பாக்கறது?"ன்னா.

ஹோவிதா: நீங்கதான் ஆர்மெண்டான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

ஃபெலிசா: எங்க சந்தைக்கே தெரியும். என் புருஷன் ஓடிப்போனது தெரிஞ்ச மாதிரி.

ஹோவிதா: அக்கா...

ஃபெலிசா: என்ன அக்கா? ரெண்டு வருஷம் ஆச்சு. கப்பல்காரன், இன்னொரு துறைமுகத்துல இறங்கிட்டான். அந்த மீன்காரிக்குப் பதில் சொல்லாம நான் போகக் கூடாது. முதல் பேரு, இசோல்தா பாஸ்.

ஹோவிதா: அவங்களையா? உங்களைக் கிழவின்னு பேட்டியில சொன்னவங்க.

ஃபெலிசா: கிழவிதானே. அவ சண்டைக்காரி, அதனாலதான் நல்லா எழுதுறா. ஜீப்னியில ஜன்னல் ஓரத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்குவாங்க, நாம சிரிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்குற இடம் தாண்டிடும். "வேலைக்குப் போறப்ப படிக்காதீங்க, திரும்பி வரும்போது படிங்க"ன்னு போடு.

ஹோவிதா: போட்டாச்சு. அடுத்தது?

ஃபெலிசா: ஜாஸ்மின் ஒர்தேகா. மாமியாரோட ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு.

ஹோவிதா: அவங்க கதையில பொண்ணும் பையனும் தனியாப் பேசவே விட மாட்டாங்களே. எப்பவும் அத்தையோ சித்தியோ குறுக்க வந்து சோறு போட்டுடுவாங்க.

ஃபெலிசா: நம்ம வீடுகள்ல வேற எப்படி நடக்குது? காதலைச் சொல்ல வந்தவன் மூணு தட்டு சோறு சாப்பிட்டுட்டு சொல்லாமலே போவான். அது பொய்யில்ல. மூணாவது, பியான்கா தொலேதோ.

ஹோவிதா: அந்தப் பேர்ல எழுதுறது பத்தாங்காஸ் ஊர்ல ரிட்டயரான போலீஸ்காரரு. மீசை இவ்வளவு இருக்கும்.

ஃபெலிசா: மீசையைக் கடிதத்துல போடாதே. அவர் கதையில ஆம்பளைங்க அழுவாங்க, பொண்ணுங்க சிரிப்பாங்க. யார் பொய் சொல்றாங்கன்னு ஸ்டேஷன்ல உக்காந்து பாத்துப் பாத்துப் பழகினவர். மனசு ஒடிஞ்சு இருக்கறவங்களுக்கு அவரைத்தான் குடுக்கணும். என் தங்கச்சிக்குக் குடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு முடி வெட்டிக்கிட்டு வந்தா.

ஹோவிதா: நல்லா இருக்குக்கா. மூணு பேர் போதும். இன்னும் ரெண்டு வரிதான் மிச்சம், நன்றி சொல்லி முடிச்சுடலாம்.

ஃபெலிசா: நாலாவது ஒண்ணு இருக்கு.

ஹோவிதா: செல்போன்ல எழுதுற சின்னப் பொண்ணுங்கள்ல யாராவதா? மொதலாளியும் அவங்களைத்தான் சொல்றாரு.

ஃபெலிசா: அவங்க நல்லாத்தான் தொடங்குறாங்க. முடிக்க வரல. நூறு பக்கம் சண்டை போடறது யாருக்கும் வரும். கடைசியில ரெண்டு பேரும் ஏன் சேந்தாங்கன்னு படிக்கறவ நம்பணும். அது லேசுல வராது.

ஹோவிதா: உங்களுக்கு வருமே.

ஃபெலிசா: வருமா? என் போன நாவல் எப்படி முடிஞ்சுது, சொல்லு.

ஹோவிதா: என்னக்கா, பரீட்சை வைக்கிறீங்க...

ஃபெலிசா: அச்சான என் புத்தகத்தை நான் திறக்க மாட்டேன், எனக்கு அது ராசியில்லன்னு ஊருக்கே தெரியும். நீயே சொல்லேன். எப்படி முடிஞ்சுது?

ஹோவிதா: நீங்க எழுதின மாதிரிதான்.

ஃபெலிசா: ம். நாலாவதுக்கு வருவோம். எழுது. "முடிவுன்னா இவள்தான். இவள் கதையில் வரும் ஆண்கள் பெரிய வசனம் பேச மாட்டார்கள். தாமதமாக வருவார்கள். பக்கத்தில் உட்காருவார்கள். பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து..."

ஹோவிதா: அக்கா.

ஃபெலிசா: "...தோல் நடுவில் அறுந்துவிடாமல், ஒரே நாடாவாகச் சீவித் தருவார்கள்." ஏன் நிறுத்திட்டே? சீவு. தோல் அறுபடாம உன் கையிலயே தொங்குது பாரு.

ஹோவிதா: எப்படித் தெரிஞ்சுது?

ஃபெலிசா: அந்த மீன்காரி சொல்லித்தான். "கடைசியில அவன் வந்து மாங்காய் சீவிக் குடுத்தானே, மீன்கூடையில கண்ணீர் விட்டேன்"னா. எனக்கு ஒண்ணும் புரியல. நான் எழுதினதுல அவன் வரவே இல்ல. நேரா வாடகைப் புத்தகக் கடைக்குப் போனேன். என் புத்தகத்தை நானே வாடகைக்கு எடுத்தேன்.

ஹோவிதா: திறந்தீங்களா?

ஃபெலிசா: அஞ்சையும். என் புருஷன் போனதுக்கப்புறம் எழுதின அஞ்சு. அஞ்சுலயும் நான் யாரையும் வர விடல. பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல், தேவாலயப் படிக்கட்டு... எங்கயும் யாரும் வரல. அச்சுல பாத்தா அஞ்சு தடியன்களும் வந்து நிக்கிறானுங்க, ஆளுக்கொரு மாங்காயோட.

ஹோவிதா: மொதலாளி பிரதியைத் திருப்பி அனுப்புன்னாரு. கல்யாணமோ முத்தமோ இல்லாம கதை முடியக் கூடாதுன்னு இங்க விதி. திருப்பி அனுப்பியிருந்தா நீங்க பேனாவையே தூக்கிப் போட்டிருப்பீங்க. புத்தகத்தைத் திறக்க மாட்டீங்களேன்னு நானே மாத்திட்டேன். தப்புதான்.

ஃபெலிசா: தப்புதான். படிச்சப்போ உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு. ரெண்டாவது புத்தகம் வரைக்கும் இருந்துச்சு. மூணாவதுல அவன் ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பு மாறிப் போட்டுக்கிட்டு வர்றான் பாரு, அங்க சிரிச்சுட்டேன். அப்புறம் அழுதேன். என் மனுஷன் வர மாட்டான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரோ ஒருத்தி உக்காந்து, எனக்காக அஞ்சு பேரை அனுப்பியிருக்கான்னு தோணுச்சு.

ஹோவிதா: உங்க வாசகிங்களுக்காகத்தான்னு நெனச்சு ஆரம்பிச்சேன்.

ஃபெலிசா: நீ யாரையாவது காதலிச்சிருக்கியா, ஹோவி?

ஹோவிதா: ஒரு தடவை. அவனுக்கு மாங்காய் சீவவே வராது. துண்டு துண்டா விழும்.

ஃபெலிசா: அதான். சரி, பேரை எழுது. ஹோவிதா மாக்லாயா. அந்தத் துறைமுகத்துல நிக்கிறவளையும் நீயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அந்த அத்தியாயம் நான் எழுதப் போறதில்ல. புத்தகத்து அட்டையிலயும் ரெண்டு பேர் போடச் சொல்லு.

ஹோவிதா: எடிட்டர்ங்க எழுதக் கூடாதுக்கா. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்.

ஃபெலிசா: உன் பேர் இல்லாம இந்தக் கடிதம் அச்சுக்குப் போகாது. கடிதம் இல்லாம நாவலும் போகாது. அப்படின்னு அவர்கிட்ட நான் பேசிக்கறேன். அஞ்சு முடிவு எழுதின கைக்கு ஒரு பேர் எழுத வரலையா?

ஹோவிதா: அஞ்சு இல்லக்கா.

ஃபெலிசா: என்ன அஞ்சு இல்ல?

ஹோவிதா: ஏழு. முதல் ரெண்டும் அவர் போறதுக்கு முந்தின வருஷம் வந்தது. அப்பவே உங்க கதையில யாரும் வரல... ஏன்னு உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்கப் பயந்துக்கிட்டு முடிவை மட்டும் மாத்திட்டேன். அந்தக் கணக்கைத்தான் இத்தனை நாள் மறைச்சேன்.

ஃபெலிசா: ஏழுன்னு எனக்குத் தெரியாதா? எழுதினது நான்தானே. லீவுக்கு வந்தப்போ அவர் பெட்டியில ஒரு குழந்தையோட செருப்பு இருந்துச்சு. எங்களுக்குக் குழந்தை இல்லன்னு உனக்குத் தெரியும். ஒரு வருஷம் அதை என் தங்கச்சிகிட்ட சொல்லல, பாதிரியார்கிட்ட சொல்லல, அவர்கிட்டயே கேக்கல. கதையில மட்டும்தான் சொன்னேன். அதை ஒருத்தியாவது படிச்சிருக்காளே... பேரை எழுது, ஹோவி. முழுப் பேரா எழுது.