கூரையைத் தாங்கிய பச்சைமுத்து

பழுது நீங்கிய சத்திரத்தின் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும், சரியும் தலைப்பாகையையும் சேர்த்துத் தாங்கும் அண்ணன் வேங்கடேசன் அவர்களே! அண்டா அண்டாவாய்க் கஞ்சி காய்ச்சி அன்பை ஊற்றும் சாரா பீவி அக்கா அவர்களே! முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உறவைச் சேர்த்துவிட்டு இங்கே தலை சாய்க்கும் தாய்மார்களே! நிழல் பார்த்து அமர்ந்த நியாயவான்களே!

ஒருவரும் நம்ப முடியாத கதையொன்றைச் சொல்வேன் என்று இம்மேடையில் சத்தியம் செய்கிறேன்.

சத்திரம் சாய்கிறது, இடித்தே தீரவேண்டும் என்றார்கள் அதிகாரிகள். இடித்தால் அக்காவின் அடுப்பு எங்கே? நோயாளிக்குத் துணை வந்தவர் படுப்பது எங்கே? கடைசி நம்பிக்கையாகத் திண்டிவனத்திலிருந்து பொறியாளர் மலர்விழி லேசர் கருவியோடு வந்தார். முக்காலியில் மெல்லச் சுழன்று, சுவரையும் கூரையையும் அளந்து, கட்டடத்தை அப்படியே கணினிக்குள் எழுப்பும் கருவி!

நம் ஊர் சும்மா இருக்குமா? போட்டோ எடுக்கிறார்கள் என்று வாழைமரம் கட்டினோம். பவுடர் தீர்ந்து புதுச்சேரிக்கு லாரி அனுப்பினோம். பின்வரிசையில் யாரு, திருமுருகனா? ரீல் விடாதே என்கிறாயா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையப்பா!

எல்லோரையும் வெளியே போகச் சொன்னார் மலர்விழி. நம்மூர் அண்ணன் பச்சைமுத்து மட்டும் போகவில்லை. கருவி திரும்பும் பக்கமெல்லாம் முந்தி ஓடி, மீசையை முறுக்கி நின்றார். கணினியைத் திறந்தால் கிழக்கே பச்சைமுத்து, மேற்கே பச்சைமுத்து, அடுப்பங்கரையில் அரைப் பச்சைமுத்து! கூரையின் பாரமெல்லாம் அவர் தலைமேல் என்றது கணினி. அவர் தும்மினால் சத்திரம் விழும்! சத்திரம் விழுந்தால் விழுப்புரம் அதிரும்! விழுப்புரம் அதிர்ந்தால் திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்களும் துளிர்க்கும்!

மலர்விழி சிரிக்கவில்லை. "அண்ணா, நீங்க மறைச்சிக்கினு நிக்கிற எடத்துலதான் உத்திரம் இருக்கு. அது தெரியலைன்னா இடிக்கத்தான் சொல்லுவாங்க."

"இன்னும் ஒரே ஒரு போஸும்மா" என்றார் அண்ணன்.

சாரா பீவி அக்கா கரண்டியோடு வந்தார். "அண்ணே, நீங்க போஸ் குடுத்துக்கினு என் அடுப்ப அணைச்சிடாதீங்க. ஜல்தியா வெளிய வாங்க."

வந்தார். கருவி மறுபடி சுழன்றது.

அன்பர்களே, லாரி புளுகு. தும்மல் புளுகு. பச்சைமுத்து அண்ணனைப் பற்றிச் சொன்னதெல்லாம் அண்டப்புளுகு. சின்னதாய் ஒன்று மட்டும் உண்மை: கருவி அளந்து பார்த்ததில் சுவர் சாயவில்லை. அடுப்பங்கரை உத்திரம் ஒன்றுதான் உளுத்திருந்தது. அதை மாற்றினோம், இடிப்பு நின்றது. செங்கல் செங்கலாய்க் கட்டடத்தின் அளவும் இப்போது நம் கையில்.

இதையும் நம்பாதவர்கள், இன்றிரவு உள்ளே வந்து கால் நீட்டிப் படுத்துப் பாருங்கள். பாய் உண்டு. பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. வணக்கம்!