முறைச் சோறு

கூக்காலிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், பூண்டு மூட்டைகளுக்கு நடுவே, எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மாப்ளே, நாளைக்கு அந்தக் கெழவிக்கு எந்த வீட்டுலயும் சோறு போடக்கூடாது. ஊருக்கே சொல்லியாச்சு.”

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். சொன்னவர் குரலில் கோபமே இல்லை.

“என்ன மாமா இது? நாதியத்த பொம்பளைன்னுதான வீட்டுக்கு ஒரு நாளுன்னு முறை வச்சுப் போடுறோம்?”

“அதுதான் வம்பாப் போச்சு. முதியோர் பென்ஷனுக்கு விசாரிக்க நாளைக்கு ஆபீசர் வர்றாரு. சோறு போட ஆளு இருந்தா பென்ஷன் கெடையாதாம். சட்டம் அப்படிக் கெடக்கு.”

“அந்தச் சட்டத்துக்குக் கை தூக்குன நம்ம எம்.எல்.ஏ.கிட்டப் போய்க் கேக்க வேண்டியதுதான மாமா?”

“கேட்டேன். ஒரு நாள் பட்டினி போடுங்கன்னு சொன்னதே அவருதான்.”