லொடலொட அல்ல, டொக்

ஐயா,

தங்கள் விபத்து அறிக்கையின் நகல் நேற்று என் கைக்கு வந்தது. எழுத்துப் பிழை அதிகம் இல்லை, பாராட்டுகிறேன். ஆனால் அன்று காரில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற பகுதி தவறாக இருக்கிறது. ஓட்டியவன் என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி. அது சரி. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி. அதுவும் சரி. என் மனைவியைப் பின்னால் இடது ஓரத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். இல்லை. அவள் முன்னால், தம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். கால் நீட்ட வசதியாக அந்த இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தது நான்தான்.

அடுத்தது, மூன்றாம் பக்கம். “காரில் சில காலமாக லொடலொட என்று சத்தம் வந்ததாக” பிழைத்துக் கிடக்கும் மைத்துனன் மனைவி மருத்துவமனையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். லொடலொட அல்ல. டொக். ஒரே ஒரு டொக். நம்பர் பலகையின் திருகு கழன்றால் லொடலொட. ஒரு பொருள் தன் இடத்தைவிட்டு நகர்ந்து, திரும்பி வந்து அதே இடத்தில் இடித்தால் டொக். இந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஒரு ஆள் என்னைச் சுற்றி இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

கடைசியாக, மெக்கானிக்கை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் கவனக்குறைவால் இரண்டு உயிர் போனது என்கிறீர்கள். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அவருக்கு அவ்வளவு பெரிய இடம் கொடுப்பது நியாயமில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதலில் விவரம், பிறகு காரணம், முடிவில் வேண்டுகோள் என்றுதான் எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் கார் என்னைவிட இளையது, மைத்துனனின் திருமணத்தைவிட மூத்தது. இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, அலுவலக வாசலில் வேகத்தடை ஏறி இறங்கும்போது முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டது. நான் முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் இருந்தவன். வந்த தாள், போன தாள் எல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். அதே முறையில் சத்தத்துக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். நாள், சாலை, வேகம், எந்த இருக்கையில் யார். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். சீட் பெல்ட் கொக்கிகளில் துணி சுற்றினேன். டொக் இருந்தது.

மெக்கானிக்கிடம் மூன்று முறை போனேன். ஷாக் அப்சார்பரை மாற்றினார். ரப்பர் புஷ்களை மாற்றினார். மூன்றாவது முறை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சார், வண்டிக்கு வயசாயிடுச்சு. வயசானா முட்டி சத்தம் போடத்தான் செய்யும். இப்ப நீங்க குனிஞ்சீங்களே, உங்க முட்டி போடலயா?”

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டில் தேதி போட்டு அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் யாரைக் கேட்டாலும், “எங்கே சத்தம்?” என்பதுதான் பதில். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். “மாமா, நீங்க டிக்கிக்குள்ள படுத்துக்குங்க, நான் ஓட்டறேன். சத்தம் வண்டியிலயா, உங்க காதுலயான்னு தெரிஞ்சிரும்.” தவறான யோசனை என்று சொல்ல முடியாது. படுத்தேன். முன்னால் என் மனைவி ஏறிக்கொண்டாள். ஊரைச் சுற்றிவிட்டு அவன் நண்பர்கள் கூடும் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். இருபத்திரண்டு நிமிடம். வெளியே பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“டிக்கில என்னடா வெச்சிருக்க?”

“எங்க மாமாவ. சத்தத்தைத் தேடிப் போயிருக்காரு. இன்னும் திரும்பல.”

மூடியைத் திறந்தபோது ஒன்பது பேர் நின்றார்கள். “கெடச்சுதா மாமா?” என்றான். முதலில் சிரித்தது என் மனைவி.

அன்றிலிருந்து எனக்கு டொக்கு மாமா என்று பெயர். இரண்டே நாளில் மாமா உதிர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கூட டொக்கு என்றார். செவ்வாய்க்கிழமை மனைவி போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தாள். “டொக்கு எங்க போகும், வீட்லதான் இருக்கு,” என்றாள். இருக்கார் என்று சொல்லவில்லை. இருக்கு. நாற்காலி இருக்கு, பீரோ இருக்கு என்பதுபோல.

ஆனால் அந்த டிக்கிக்குள் எனக்கு விடை கிடைத்திருந்தது. மூடியைத் திறப்பதற்குச் சற்று முன்பு மனைவி கைப்பையை எடுக்க வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடவில்லை, வண்டி நகரவில்லை. டொக். அப்படியானால் முன்பக்கம், இடது சக்கரம், எடை விழும் இடம்.

புதன்கிழமை வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கீழ் பால் ஜாயின்ட். சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் உருண்டை மூட்டு. மேலுறை கிழிந்து, உள்ளே தேய்ந்து, விரல் அகலத்துக்கு ஆடியது. உதிரிபாகக் கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதோடவா ஓட்டிட்டு வந்தீங்க? கழண்டுச்சுன்னா சக்கரம் அப்படியே மடிஞ்சிரும் சார். இன்னிக்கே மாத்துங்க.” புதியதை வாங்கி வந்தேன். பெட்டி பிரிக்காமல் என் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மைத்துனன் வந்திருந்தான். “கண்டுபிடிச்சிட்டேன்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். “அக்கா, போச்சு, டொக்கு கண்டுபிடிச்சிருச்சு,” என்று அவன் கைகொட்டினான். அவள் சிரித்துக்கொண்டே தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். மீதியைச் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் கேட்டான்: “சனிக்கிழமை வண்டி வேணும் மாமா. அக்காவும் நாங்களும் ஒரு வீடு பாக்கப் போறோம்.” எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

வியாழனும் வெள்ளியும் வேலை செய்தேன். கெட்டியான கிரீஸை அந்த மூட்டுக்குள் திணித்து, பழைய டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். டொக் இல்லை. இரண்டு வருடமாக அத்தனை பேரும் கேட்கவில்லை என்று சொன்ன சத்தத்தை உண்மையிலேயே கேட்காமல் செய்தேன். அவர்கள் வாக்கை நான் பொய்யாக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மனைவி தெருமுனைவரை போய்விட்டு, தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டோம் என்று வண்டியைத் திருப்பச் சொல்லி வந்தாள். நான் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

“ஏங்க, சத்தம் போயிடுச்சு போலிருக்கே?”

“எங்கே சத்தம்?” என்றேன்.

“இப்பதான் தேறியிருக்கீங்க,” என்று என் கையைத் தட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.

என் நோட்டில் அந்த ரப்பர் அறுபது கிலோமீட்டர் தாங்கும் என்று கணக்கு எழுதியிருந்தேன். நாற்பத்தொன்றில், ஆற்றுப் பாலத்து வளைவில், சக்கரம் மடிந்துவிட்டது. மைத்துனன் வேகமாக ஓட்டுகிறவன். அதைக் கணக்கில் சேர்க்காதது என் பிழை.

அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கழலும்போது அது நல்ல சத்தமாகத்தான் இருந்திருக்கும். முன் இடது இருக்கைக்கு நேர் கீழே, தெளிவாக.

ஆகவே மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். காது மந்தம் என்பதற்காக ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது. விடுவதற்கு முன்பு அந்தத் தேய்ந்த பால் ஜாயின்ட்டை அவர் கையில் கொடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கை விவரத்தைத் திருத்துங்கள். மூன்றாம் பக்கத்தில் சரியான சொல்லைப் போடுங்கள். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சத்தம் இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

கையெழுத்திட்டு, நோட்டோடு சேர்த்து உறையில் வைத்து ஒட்டி, பன்னிரண்டு மணிக்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிடுவேன். ஒப்புகைச் சீட்டும் உண்டு. வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நான் சொன்னது ஒருவரையாவது சேர்ந்தது என்று ஒரு தாளாவது என்னிடம் இருக்கட்டும். என் மனைவியிடமும் நான் கேட்டது அவ்வளவுதான்.