காட்டாத படம்

பம்பலப்பிட்டியில் இராணுவச் சோதனைக்காக பஸ் நின்றது. என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ர மனிசனுக்கு டிவியில திரும்பவும் புரமோசன், அக்கா.”

“சந்தோசம். என்ன படம் எடுத்தவர்?”

“ஊரை விட்டு வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிற எங்கட சனத்தைப் பற்றி. அதைக் காட்டேல்லை. புரமோசன் குடுத்திட்டினம்.”

“காட்டாத படத்துக்கோ?”

“ஓம். முதல் புரமோசனும் அப்பிடித்தான். இப்ப எந்தப் படத்தைக் காட்டுறதெண்டு முடிவெடுக்கிறதே இவர்தான்.”

“அப்ப தன்ர படத்தைக் காட்டலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டனான். எழும்பிப் போயிட்டார். போன கிழமை அங்க புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு இளம் பிள்ளை அதே லொட்ஜுகளைப் படமெடுத்துக்கொண்டு வந்ததாம். இவர் அதைப் பார்த்திட்டு அழுதவராம்.”

“காட்டினவரோ?”

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“இல்லையக்கா. அந்தப் பிள்ளைக்குப் புரமோசன் குடுக்கச் சொல்லியிருக்கிறார்.”