‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம்

— தப்பு, முசியே வெற்றிச்செல்வன். திரும்பச் சொல்லுங்க.

— எங்க மதாம் தப்பு? பிரெஞ்சுல ‘அவுவே’ன்னா ஒப்புக்கறது. ‘வேலைக்காரன் தன் குத்தத்தை ஒப்புக்கிட்டான்.’ சிம்பிளா சொன்னா, நூத்துக்கு நூறு!

— வாக்கியம் சரி. ஆளுதான் சரியில்ல. பத்து வாக்கியம் கேட்டேன், பத்துலயும் வேற யாரோதான் ஒப்புக்கறாங்க. டிரைவர் ஒப்புக்கிட்டான், வாட்ச்மேன் ஒப்புக்கிட்டான், உங்க சம்சாரம் ஒப்புக்கிட்டாங்க...

— சம்சாரம் ஒப்புக்கிட்டது கற்பனை மதாம். பதினெட்டு வருஷத்துல ஒரு நாளும் நடக்கல.

— ‘நான்’னு தொடங்குங்க. உங்க மேட்டுப்பாளையம் ஃபேக்டரியை வாங்கின பிரெஞ்சுக்காரங்க நாளைக்கு லியோன்லேர்ந்து வர்றாங்க. நீங்க செஞ்ச தப்பு ஒண்ணைச் சொல்லுங்கன்னுதான் முதல் கேள்வியே வரும். தலைமை மேனேஜர் நாற்காலி உங்களுக்கா, வேற ஆளுக்கான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

— எனக்குத்தான். இல்லன்னா மூணு மாசமா ஞாயித்துக்கிழமை தேங்காய்த்திட்டு வஞ்சிரத்தை விட்டுட்டு உங்க வீட்டுப் படி ஏறுவேனா? சரி, கேளுங்க. ‘நான் ஒப்புக்கொள்கிறேன்: நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன்.’

— சிரிச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. காபி வந்துடுச்சு, எடுத்துக்குங்க.

— வந்துடுச்சு, வழக்கம்போல பீச்சாங்கையில! ஏம்பா, பெரிய மனுஷனுக்கு இப்படித்தான் நீட்டுவியா? வலது கை மேல எப்பப் பாத்தாலும் ஒரு துண்டைப் போத்திக்கினு... இரு, டம்ளரை எடுத்துட்டுப் போ. எங்க மதாம் புடிச்சீங்க இந்த ஆளை?

— எங்க வீட்டு மனுஷர்தான். நீங்க பாடத்துக்கு வாங்க. ஃபேக்டரியில யாருக்காவது அடிபட்டிருக்கா? அப்படி ஒண்ணைச் சொல்லுங்க. தப்பை ஒப்புக்கற அதிகாரின்னா அவங்களுக்கு ஒரு மதிப்பு.

— அடிபடாத ஃபேக்டரி எது? அஞ்சு வருஷம் முன்ன ஒரு கான்ட்ராக்ட் ஆளு. தகடு அழுத்தற பிரஸ்ஸுல கை போயிடுச்சு.

— எப்படிப் போச்சு?

— பிரஸ்ஸுக்கு முன்னால ஒரு தடுப்பு இருக்கும். அது மூடினாத்தான் மேல் பாகம் கீழ இறங்கும். சிம்பிளா சொன்னா, ஒரு பீஸுக்கு நாலு செகண்டு தண்டம். கழட்டிக் கடாசுங்கடான்னேன். ஒரே மாசத்துல உற்பத்தி எகிறிச்சு பாருங்க! ஷீல்டு குடுத்தாங்க எனக்கு.

— கழட்டச் சொன்னது நீங்க.

— நான்தான். வேற எவனுக்கு அந்தத் தைரியம் வரும்?

— அந்த ஆள் என்ன ஆனாரு?

— அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு லெட்டர் எழுதி வாங்கினேன். ‘தடுப்பைக் கழற்றியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்’னு. நான் சொல்லச் சொல்ல, இடது கையால கோழி கிளறின மாதிரி எழுதினான். படிச்சுப் பாக்கணும்னான். மருந்து மப்பு தெளியறதுக்குள்ள கையெழுத்தைப் போடுய்யான்னேன். விசாரணையில அந்தத் தாளைக் காட்டினோம். நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. ஃபைல் குளோஸ்.

— பேரு?

— யாருக்கு ஞாபகம்? டோக்கன் நூத்தி நாப்பத்தி ரெண்டு. மதாம், இதை அப்படியே அங்க போய்ச் சொல்ல முடியாது. ‘ஒரு தொழிலாளிக்கு அடிபட்டது, நான் ரொம்ப வருத்தப்பட்டேன்’னு பதமா மாத்திக் குடுங்க.

— குடுக்கறேன். எழுத்துக்கூட்டிச் சொல்றேன், நோட்டுல எழுதுங்க. ‘ஜவூ க...’

— ‘ஜவூ க...’ ம். அப்புறம்? ... ம். ... அடேங்கப்பா, வருத்தப்படறதுக்கு இவ்ளோ நீளமா?

— பிரெஞ்சுல வருத்தம் நீளம்தான். இன்னும் ஒரு வரி. ... வொலா, முடிஞ்சுது. கீழ தேதி, கையெழுத்து.

— அர்த்தம்?

— மூணு மாசமா வாரா வாரம் நீங்க பாடம் எழுதின பக்கத்துல கையெழுத்துப் போட்டு லியோனுக்கு அனுப்பறோம், ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? இன்னிக்கு வேணும்னா உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா படிச்சுப் பாப்போம்.

— அய்யோ, நேரமில்ல மதாம். சம்சாரம் ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. இந்தாங்க, போட்டாச்சு. போட்டோ எடுத்து அனுப்புங்க.

— எடுத்தாச்சு. ... அனுப்பியாச்சு. இப்ப அர்த்தம் கேளுங்க. ‘நான் ஒப்புக்கொள்கிறேன்: பிரஸ்ஸின் தடுப்பைக் கழற்றச் சொன்னவன் நான். கையை இழந்த தொழிலாளியிடம், அவர் மருந்து மயக்கத்தில் கிடந்தபோது, பொய்க் கடிதம் எழுதி வாங்கியவனும் நான்.’

— ஏய்! என்ன விளையாட்டு இது?

— விளையாட்டு இல்ல. நீங்க தமிழ்ல சொன்னதைத்தான் பிரெஞ்சுல போட்டேன். ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கல. அந்த ஆளோட பேரு ஜெஸ்டின்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எங்க கல்யாணப் பத்திரிகையில ‘பிரிஸ்கில்லா’ன்ற என் பேருக்குப் பக்கத்துல அடிச்சிருந்தது. உங்களுக்கு பிரெஞ்சு சொல்லிக் குடுக்க ஆள் தேடறாங்கன்னு கேள்விப்பட்டதும் முதல் ஆளா போய் நின்னேன்.

— நீ சொல்லி எழுத வச்சது! அர்த்தம் தெரியாம போட்ட கையெழுத்து! செல்லாதுன்னு அடிச்சுச் சொல்லுவேன்!

— தாராளமா. சொல்லி எழுதவச்ச கையெழுத்து செல்லாதுன்னா, ஜெஸ்டின் போட்டதும் செல்லாது. மூடின ஃபைலைத் திறக்கணும். செல்லும்னா உங்க நாற்காலி போச்சு. எது வேணும்னு நைட்டு யோசிச்சு, நாளைக்கு ‘நான்’னு தொடங்கிச் சொல்லுங்க.

— நோட்டு எங்க? அந்த நோட்டைக் குடு முதல்ல! யோவ் காபி, நீ ஏன்யா அதை எடுத்து வச்சிருக்க? குடு இங்க! பீச்சாங்கையில நீட்டாத! மரியாதையா வலது கையால குடு!

— வலது கையா சார்? அதை அஞ்சு வருஷம் முன்னாடியே உங்க பிரஸ்ஸுக்குக் குடுத்துட்டேனே.