தம்பியின் தொண்ணூறு நாற்காலிகள்

நான் படம் பார்ப்பதே இல்லை, சார். தியேட்டர் நடத்துகிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? என்னுடையது ஆறு திரை, எஸ்கலேட்டர், சாய்வு நாற்காலி. தம்பியுடையது ஒற்றைத் திரை, தொண்ணூறு நாற்காலி. பழைய அச்சகம் ஒன்றைக் காலி செய்து போட்டிருந்தான்.

பெரிய நடிகர் இல்லாத படம், பாட்டே இல்லாத படம் எல்லாம் அங்கேதான். நான் திருப்பி அனுப்பிய படத்தை அவன் பதினோரு வாரம் ஓட்டினான். அது நாட்டின் பெரிய விருதை வாங்கியது. மேடையில் அதன் இயக்குநர், "நம்ம சினிமா இன்னும் உயிரோட இருக்குன்னா, அந்தத் தொண்ணூறு சீட்டாலதான்" என்றார். என் ஆயிரத்து இருநூறு சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி நல்லவன். அதுதான் தொந்தரவே.

"அண்ணே, உங்க ஆறுல ஒண்ணை, வாரத்துக்கு ஒரே காட்சி, இந்த மாதிரிப் படத்துக்கு விடுங்களேன். பேரு உங்களுக்கே" என்றான். கேட்கிறவன் குரல் இல்லை அது. கொடுக்கிறவன் குரல்.

என் மனைவியும் வியாழன்தோறும் அங்கே போக ஆரம்பித்தாள். "அங்க படம் பார்த்துட்டு வரேன். உங்க இடத்துல பாப்கார்ன் தின்னுட்டு வரேன்" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றும் வியாழன்தான். நான் போட்ட மொட்டைக் கடிதத்தால், நான்கு மணிக்கு உரிம அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருவதாக இருந்தது. அவசர வழி பூட்டிக் கிடந்தால் உரிமம் ரத்து. என் திட்டம் அவ்வளவுதான். மூன்றேகாலுக்குப் பின்சந்தில் நுழைந்து, கதவின் வெளிக்கைப்பிடிகளில் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதிகாரி வருவதைப் பார்க்க அங்கேயே நின்றேன்.

தீ வைத்தது நானில்லை. முன்வாசல் ஒயரிங் தானாகப் பற்றிக்கொண்டது. உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது.

மூன்றரைக்கு உள்ளே தடதடவென்று சத்தம். கைதட்டல் என்று நினைத்தேன். விடாமல் தட்டினார்கள், சார். ஒரு படத்துக்கு இவ்வளவா என்று எனக்கு வயிறு எரிந்தது. கைதட்டுகிறார்கள் என்று யாராவது கதவைத் திறந்துவிடுவார்களா?

கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரலும் கேட்டது. தம்பியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை.

கதவிடுக்கில் புகை வந்த பிறகும் அதைக் கைதட்டல் என்றுதான் நினைத்தேன்.